தலையணைக்கு அடியில் ஒரு கலம்

(மறைந்த வேதியியல் பேராசிரியர் ஒருவரின் நினைவாக அவருடைய மாணவர்கள் நிறுவிய அறக்கட்டளையின் சார்பில், கல்லூரி விடுதி மாணவர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எங்கள் பேராசிரியர் பெயரால் பேச வேண்டும் என்று கேட்டபோது, மின்வேதியியலின் வரலாறு, வளர்ச்சி என்று ஏதாவது கனமான தலைப்பை எதிர்பார்த்திருப்பார்கள் போலும். கைப்பேசி பேட்டரி தீப்பிடிப்பதைப் பற்றி நான் அனுப்பிய தலைப்பைப் பார்த்துவிட்டு அமைப்பாளர் தொலைபேசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், இது தீயணைப்புத் துறைக்காரங்க பேசுற விஷயம் இல்லையா?" அவர்களும் பேசட்டும். அவர்கள் வருவது தீ பிடித்த பிறகு. நான் பேச வந்தது அதற்கு முந்தைய மூன்று மாதத்தைப் பற்றி.

பேராசிரியரைப் பற்றி ஒரே ஒரு செய்தி சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். எங்கள் ஆய்வகத்தில் சோடியம் இருந்த ஜாடியை அவர் பூட்டி வைக்க விட்டதில்லை. முன் அலமாரியில், கண் உயரத்தில், சிவப்பு மையால் பெயர் எழுதி வைத்திருப்பார். சோடியம் தண்ணீரைக் கண்டால் தீப்பிடிக்கும் சங்கதி. மண்ணெண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும். ஆய்வக உதவியாளர் பயந்துபோய் அதைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியபோது அவர் சொன்ன காரணம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பூட்டி வைத்தால் மண்ணெண்ணெய் வற்றுவது யார் கண்ணிலும் படாது என்றார். அவ்வளவுதான். நான் இன்று ஒரு மணி நேரம் பேசப்போவதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரை.

சோடியத்துக்கு அண்ணன் லித்தியம். தனிம அட்டவணையில் ஒரே நெடுவரிசையில் அதற்கு மேலே உட்கார்ந்திருப்பது. 1817இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் அர்ஃப்வெட்சன் ஒரு கனிமக் கல்லில் கண்டுபிடித்தார். கல்லில் கிடைத்ததால் கிரேக்க மொழியில் கல்லுக்கு வழங்கும் பெயரையே வைத்தார்கள். கல் என்று பெயர், ஆனால் உலோகங்களிலேயே எடை குறைந்தது. சோடியத்தை மூழ்கடிக்கும் மண்ணெண்ணெயில் லித்தியம் மிதக்கும். எங்கள் பேராசிரியரின் ஜாடி வித்தை இதனிடம் பலிக்காது. இந்த எடைக் குறைவும், எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் குணமும்தான் அதைக் கைப்பேசி பேட்டரியில் ஏற்றி உங்கள் சட்டைப் பைக்குள் கொண்டுவந்து சேர்த்தன.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஒரு கல்லூரியில் ஒன்பது ஆண்டுகள் விடுதித் துணைக் காப்பாளராக இருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கே வகுப்பு நேரத்தில் பிடிபட்ட கைப்பேசிகளைப் பறிமுதல் செய்து, பெற்றோர் வந்து கேட்டால் கொடுப்பது வழக்கம். வராதவர்களின் கைப்பேசி என் அறை இரும்புப் பீரோவில், விடைத்தாள் கட்டுகளுக்கு மேலே கிடக்கும். ஒரு மே மாதம் விடைத்தாள் எடுப்பதற்காகப் பீரோவைத் திறந்தேன். ஒரு மாதிரி இனிப்பு கலந்த, நகப்பூச்சு போன்ற வாசனை. கைப்பேசிகளில் மூன்றின் முதுகு பிளந்துகொண்டு நின்றது. உள்ளே பேட்டரி தலையணை போல் உப்பியிருந்தது. ஒரு வேதியியல் ஆசிரியனின் பீரோவில், காகிதக் கட்டுக்கு மேலே, மூன்று மாதமாக இது நடந்திருக்கிறது. பூட்டி வைத்தால் யார் கண்ணிலும் படாது என்று எனக்கு யாரும் சொல்லாமல் இல்லை. சொன்னவரின் மாணவன் நான்.

அன்றுதான் இந்தக் கலத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாடப்புத்தகத்துக்கு வெளியே படிக்கத் தொடங்கினேன். கலம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். பாத்திரத்துக்கும் கலம் என்போம், கப்பலுக்கும் கலம் என்போம். மின்கலம் என்று பெயர் வைத்தவர் யாரோ, பொருத்தமாகத்தான் வைத்தார். இதில் இரண்டு கரைகள் உண்டு, நடுவே ஒரு கடல் உண்டு, இக்கரைக்கும் அக்கரைக்கும் போய் வரும் பயணிகளும் உண்டு.

ஒரு கரை, தாமிரத் தாளில் பூசிய கிராஃபைட். நம் பென்சிலில் எழுதும் கரியின் இனம். மறு கரை, அலுமினியத் தாளில் பூசிய ஓர் உலோக ஆக்சைடு. கைப்பேசிகளில் பெரும்பாலும் கோபால்ட் கலந்தது. நடுவே நுண்துளைகள் கொண்ட பிளாஸ்டிக் சவ்வு. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, சிலவற்றில் அதற்கும் குறைவு. தலைமுடியை விட மெல்லியது. மூன்றையும் நனைத்தபடி மின்பகுளி. இங்கேதான் கவனிக்க வேண்டும். பழைய கார் பேட்டரியில் இருப்பது தண்ணீர் கலந்த அமிலம். இதில் தண்ணீரே கிடையாது. லித்தியம் உப்பைக் கரைத்து வைத்த கரிமக் கரைப்பான், தீப்பற்றக் கூடியது. சார்ஜ் போடும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடு கரையிலிருந்து சவ்வைக் கடந்து கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. உலோக லித்தியமாக எங்கும் படியாமல், அயனியாகவே போய் வர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்த கதை சுவையானது, கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1970களில் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் விட்டிங்ஹாம் செய்த முதல் கலங்களில் உலோக லித்தியமே ஒரு முனையாக இருந்தது. அடிக்கடி தீப்பிடித்தது. தீயணைப்புக்காரர்கள் வந்து வந்து சலித்துப்போய், லித்தியம் தீயை அணைக்கும் சிறப்பு வேதிப்பொருளுக்கு இனி ஆய்வகமே காசு கொடுக்க வேண்டிவரும் என்று மிரட்டினார்களாம். 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் குடினஃப் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டுவந்து மின்னழுத்தத்தை 4 வோல்ட்டுக்கு உயர்த்தினார். ஜப்பானின் அசாஹி கசேய் நிறுவனத்தில் யோஷினோ, 1985இல், உலோக லித்தியத்தை விட்டுவிட்டுக் கரிப்பொருளை எதிர்முனையாக வைத்தார். மறு ஆண்டு அதைச் சோதித்துப் பார்க்க அவர் தேர்ந்த இடம், வெடிபொருள்களைச் சோதிக்கும் கூடம். பெரிய இரும்புத் துண்டை அந்தக் கலத்தின் மேல் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு உலோக லித்தியம் வைத்த கலத்தின் மேல் போட்டார். அது பலமாக வெடித்தது. 1991இல் சோனி நிறுவனம் இந்த வகை பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல். அப்போது குடினஃபுக்கு 97 வயது. நோபல் வாங்கியவர்களிலேயே மூத்தவர் அவர்தான்.

இதைச் சொல்லும்போது நம் ஊரையும் சொல்ல வேண்டும். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 ஜனவரி 14ஆம் நாள், பொங்கலையொட்டித் திறக்கப்பட்டது. அதற்கு அழகப்பச் செட்டியார் தந்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். அறக்கட்டளை மேடையில் நின்றுகொண்டு அந்தக் கொடையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இந்த நாட்டில் லித்தியம் மின்கல ஆராய்ச்சி நடக்கும் முக்கியமான இடங்களில் அது ஒன்று. உங்கள் துறைச் சுற்றுலாவை ஒரு முறை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

சரி, இத்தனை நோபல் மூளை சேர்ந்து செய்த பொருள் ஏன் உப்புகிறது, ஏன் எரிகிறது?

கிராஃபைட்டின் மேல் முதல் சார்ஜிலேயே ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. பாலாடை மாதிரி. அதுதான் மின்பகுளியைக் கிராஃபைட்டிடமிருந்து காப்பாற்றுகிறது. கலத்தின் உள்ளே சூடு சுமார் 80, 100 டிகிரியைத் தாண்டினால் இந்த ஆடை சிதையத் தொடங்கும். சிதையும்போது அதுவே சூட்டை விடும். 130 டிகிரி வாக்கில் நடுச்சவ்வு உருகும். இரு கரையும் தொட்டுக்கொள்ளும். பிறகு கோபால்ட் ஆக்சைடு சிதைந்து தன்னிடமுள்ள ஆக்சிஜனையே வெளியே விடும். எரிபொருள் உள்ளே, சூடு உள்ளே, ஆக்சிஜனும் உள்ளே. பொறியாளர்கள் இதைத் தெர்மல் ரன்அவே என்கிறார்கள். மூக்கணாங்கயிறு அறுத்துக்கொண்ட காளை என்று நான் வகுப்பில் சொல்வேன். கயிறு அறும் வரைதான் அது நம் பேச்சைக் கேட்கும்.

கயிறு எதனால் அறுகிறது என்பதற்குப் பெரிய எடுத்துக்காட்டு 2016இல் வந்த சாம்சங் கேலக்ஸி நோட் 7. ஆகஸ்டில் சந்தைக்கு வந்தது, செப்டம்பர் தொடக்கத்தில் சுமார் 25 லட்சம் கைப்பேசிகளைத் திரும்பப் பெற்றார்கள். மாற்றிக் கொடுத்தவையும் எரிந்தன. அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்தினார்கள். 2 லட்சம் கைப்பேசிகளையும் 30 ஆயிரம் பேட்டரிகளையும் தனியாகச் சோதித்துவிட்டு, 2017 ஜனவரியில் காரணத்தைச் சொன்னார்கள். ஒரு தயாரிப்பாளரின் பேட்டரியில் மேல் மூலை நெருக்கப்பட்டு எதிர்முனைத் தகடு மடங்கியிருந்தது. இன்னொரு தயாரிப்பாளரின் பேட்டரியில் பற்றவைத்த இடத்தில் துருத்திக்கொண்டிருந்த பிசிறு சவ்வைக் குத்தியது. ஒரு மூலை, ஒரு பிசிறு. தலைமுடியை விட மெல்லிய சவ்வுக்கு அது போதும். பின்பாக்கெட்டில் வைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்து வளைத்த கைப்பேசிக்கும், மாடிப்படியில் விழுந்து நசுங்கிய பவர் பேங்குக்கும் உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம்.

எவ்வளவு ஆற்றல் என்று ஒரு கணக்கு. 5000 எம்ஏஹெச் கைப்பேசி முழுச் சார்ஜில் இருந்தால் அதிலுள்ள மின்னாற்றல் ஏறக்குறைய 19 வாட்-மணி. முப்பது டிகிரித் தண்ணீரில் ஒரு பெரிய டம்ளர் அளவைக் கொதிக்க வைக்கப் போதும். 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் 74 வாட்-மணி. ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீர் கொதிக்கும். மின்பகுளி எரிவதால் வரும் சூடு இதில் சேரவில்லை. மேற்படிப்புக்கு விமானம் ஏறப்போகிறவர்கள் இந்த வாட்-மணிக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 100 வாட்-மணி வரைதான் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகலாம். அதுவும் கைப்பையில். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் பவர் பேங்க் வைக்கவே கூடாது. காரணம் எளிது. கைப்பையில் புகைந்தால் ஒருவர் பார்ப்பார்.

பார்ப்பார் என்ற அந்தச் சொல்லுக்குத்தான் நான் வந்து சேர வேண்டியிருந்தது. 2016 செப்டம்பர் 23ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேலுள்ள அடுக்கிலிருந்து புகை வாசனை வருவதைப் பயணிகள் கவனித்தார்கள். ஒரு பைக்குள் பழைய கைப்பேசி ஒன்று புகைந்துகொண்டிருந்தது. பணிப்பெண்கள் தீயணைப்பானை அடித்து, அதைத் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் போட்டுக் கழிவறையில் வைத்தார்கள். விமானம் பத்திரமாகச் சென்னையில் இறங்கியது. யாரோ முகர்ந்தார், யாரோ சொன்னார், யாருக்கோ என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது.

நம் விடுதிகளில் இந்த மூன்றும் நடப்பதில்லை. அறைக்குள் சார்ஜ் போடத் தடை என்று எழுதி ஒட்டிய விடுதிகள் உண்டு. தடை போட்டவர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் போட்டிருக்கிறேன். பழைய ஒயரிங், ஒரே பிளக்கில் இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் காயில், நாலு சார்ஜர் என்று தொங்கினால் காப்பாளருக்கு எப்படித் தூக்கம் வரும்? ஆனால் தடை போட்டதும் என்ன நடக்கிறது? யாரும் சார்ஜ் போடுவதை நிறுத்துவதில்லை. காப்பாளர் சுற்று வரும்போது பவர் பேங்க் தலையணைக்கு அடியில் போகிறது. ட்ரங்குப் பெட்டிக்குள், துணிகளுக்கு நடுவே, ஒயரோடு போகிறது. சூடு வெளியேற வழியில்லை. அது உப்பினாலும் யாரும் பார்ப்பதில்லை, பார்த்தாலும் சொல்வதில்லை. சொன்னால் பறிமுதல். ஒரு மாணவனின் பெட்டியில் உப்பிப்போன பவர் பேங்கைக் கண்டெடுத்தேன். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். "பொங்கல் லீவுக்கு முன்னாடியே சார்" என்றான். அப்போது பங்குனி பிறந்திருந்தது.

இரவெல்லாம் சார்ஜ் போட்டால் வெடிக்கும் என்று சொல்கிறார்கள். ஒழுங்கான கைப்பேசி, நிறைந்ததும் தானே மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டை ஒட்டி வந்ததும் நிறுத்தும் சில்லு உள்ளே இருக்கிறது. ஆகவே எத்தனை மணி நேரம் என்பதை விட எங்கே என்பதைத்தான் நான் கேட்பேன். மெத்தை மேலா, மேசை மேலா? சிமெண்ட் தரையில் கிடந்து எரிந்தால் தரை கருகும். மெத்தையில் எரிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சில்லு மலிவுப் பொருள்களில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. பேருந்து நிலையத்தில் வாங்கும் பவர் பேங்கில் காசு மிச்சம் பிடிக்கும் இடமே அதுதான்.

வாங்கும்போது பின்புறம் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தைத் தொடர்ந்து எட்டு இலக்க எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணை அடித்தால் யார் தயாரித்தது என்று வரும். எண்ணே வராவிட்டால் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அச்சடிப்பது யாருக்கும் எளிது, அதனால்தான் சரிபார்க்கச் சொல்கிறேன்.

வெயிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது தமிழ்நாட்டில் பேசிய பேச்சாகாது. பல கைப்பேசி நிறுவனங்கள் 35 டிகிரிக்குள் பயன்படுத்துங்கள் என்று கையேட்டில் எழுதுகின்றன. மே மாதத்தில் திருச்சியிலும் வேலூரிலும் நிழலிலேயே 40ஐத் தொடும். நீட் தேர்வு அந்த மாதத்தில்தான் வருகிறது, கத்திரி வெயிலும் அந்த மாதத்தில்தான். தேர்வறைக்குள் கைப்பேசி கூடாது. என்ன செய்கிறார்கள்? வெட்டவெளியில் நிறுத்திய ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் போட்டுப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். வெளியே வந்து சீட்டைத் தொட்டால் கை சுடும். உள்ளே ஒரு பெட்டிக்குள் கைப்பேசி, பக்கத்தில் பெட்ரோல் டேங்க். வந்ததும் வராததுமாக எடுத்து, அந்தச் சூட்டோடே பவர் பேங்கில் மாட்டி, விடைகளைச் சரிபார்க்கிறார்கள். தேர்வு மையம் நடத்துகிறவர்கள் நிழலில் ஒரு மேசை போட்டு டோக்கன் கொடுத்தால் என்ன? கூட வந்த அப்பாவோ அம்மாவோ கையில் வைத்திருக்கட்டும். சூடான பேட்டரி ஆறிய பிறகு சார்ஜ் போடுங்கள், அரை மணியில் ஒன்றும் முழுகிப் போகாது.

அடுத்தது ப்ராஜெக்ட் செய்கிறவர்களுக்கு. மின்னணுவியல் மாணவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. சென்னை ரிட்சி தெருவில் உதிரியாகக் கிடைக்கும் 18650 செல்களைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். அந்த அளவு உருளைக்குள் நல்ல நிறுவனங்கள் அடைத்துக் காட்டியிருப்பது 3500 எம்ஏஹெச்சை ஒட்டித்தான். மேலே 9900 என்று அச்சிட்டிருந்தால் அது பேட்டரி பற்றிய தகவல் இல்லை, விற்றவரைப் பற்றிய தகவல். பெரும்பாலும் பழைய மடிக்கணினியிலிருந்து பிரித்த செல்லுக்குப் புதுச் சட்டை போட்டிருப்பார்கள். அந்தச் செல்லின் முனையில் நேரடியாகச் சால்டரிங் வைக்காதீர்கள். சூடு நேரே உள்ளே இறங்கும். ஹோல்டர் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது தகடு வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்யும் கடையில் கொடுங்கள். புதுசையும் பழசையும் ஒரே தொடரில் இணைக்காதீர்கள். பலவீனமான செல்லைப் பலமானவை இழுத்து அலைக்கழிக்கும். ட்ரோன் பறக்கவிடுகிறவர்கள் வைத்திருக்கும் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரிக்கு உலோக உறையே கிடையாது, வெறும் பை. அதை ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் பேலன்ஸ் சார்ஜரில்தான் போட வேண்டும், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே போட வேண்டும். போட்டி முடிந்ததும் முழுச் சார்ஜோடு பெட்டியில் போட்டு மறந்துவிடாதீர்கள். செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் இறக்கி வையுங்கள்.

உப்பிய பேட்டரியை என்ன செய்வது? ஊசியால் குத்திக் காற்றை இறக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று காணொலி போடுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். உள்ளே இருப்பது மின்பகுளி சிதைந்து வந்த வாயு, தீப்பற்றக் கூடியது. குத்தும்போது ஊசி சவ்வையும் சேர்த்துக் குத்தும். நோட் 7இல் ஒரு பிசிறு செய்த வேலையை நீங்களே ஊசி கொண்டு செய்கிறீர்கள். சார்ஜில் இருந்தால் சுவிட்சை அணையுங்கள், கருவியை அணையுங்கள், அமுக்காதீர்கள், வளைக்காதீர்கள். மண் தொட்டியிலோ பழைய இரும்பு வாணலியிலோ வைத்து, எரியும் பொருள் எதுவும் இல்லாத வெளிப்புறத்தில், நிழலில் வையுங்கள். காற்றுப் புகாமல் மூடாதீர்கள். பிறகு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. காயலாங்கடைக்குப் போட்டால் அங்கே ஒரு பையன் சுத்தியலால் அதைப் பிளப்பான்.

உங்களில் பலர் வீட்டுப் பரணில் 2011க்குப் பிறகு அரசு கொடுத்த மடிக்கணினி ஒன்று இருக்கும். அக்காவுக்கோ அண்ணனுக்கோ வந்தது. வேலை செய்யாமல் போனதும் ஓலைப்பாய், பழைய புத்தகங்களுக்கு நடுவே ஏற்றி வைத்திருப்பார்கள். அடுத்த விடுமுறையில் இறக்கிப் பாருங்கள். கீபோர்டு மேடு தட்டியிருந்தாலோ, மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ, அது என் பீரோவில் நான் பார்த்த அதே சங்கதிதான்.

வீட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று, தலைப்பிலிருந்து சற்று விலகினாலும் பரவாயில்லை. தம்பி தங்கை தவழ்கிற வீடா? ரிமோட்டிலும் எடை பார்க்கும் கருவியிலும் இருக்கும் காசு போன்ற லித்தியம் செல்லைப் பாருங்கள். 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் அந்த இடத்தை அரித்துவிடும். எக்ஸ்ரேயில் காசு மாதிரியே தெரியும். விளிம்பில் இரட்டை வளையம் இருந்தால் அது காசு இல்லை. மருத்துவமனைக்குக் கிளம்பும்போதே, ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையானால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். தேன் தேடிக்கொண்டு நேரம் கடத்தக் கூடாது.

கடைசியாக, தீயே வந்துவிட்டால். 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் எரிந்து ஒரு தந்தையும் அவருடைய 13 வயது மகளும் இறந்தார்கள். கொன்றது புகை. இந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் உண்டு. ஆகவே முதல் வேலை வெளியே போவது, பக்கத்து அறைக் கதவைத் தட்டுவது. படிக்கட்டிலும் வாசற்படியிலும் எதையும் சார்ஜ் போடாதீர்கள் என்பது இதற்காகத்தான். அது எரிந்தால் நீங்கள் ஓட வேண்டிய வழியில் எரியும்.

கைப்பேசி அளவில் சிறிய தீயென்றால், பிளக் இணைப்பை மெயினில் அணைத்த பிறகு, தண்ணீர் ஊற்றுங்கள். நிறைய ஊற்றுங்கள். லித்தியம் என்றால் தண்ணீர் ஆகாதே என்று வேதியியல் படித்த பிள்ளைகள் திகைப்பீர்கள். அது உலோக லித்தியத்துக்கு. உங்கள் கைப்பேசியில் உலோக லித்தியம் ஏறக்குறைய இல்லை, அதற்குத்தான் யோஷினோவின் கதையைச் சொன்னேன். இங்கே தேவை சூட்டைக் குறைப்பது. சிவப்பு வாளியில் தொங்கும் மணல் தீ பரவாமல் தடுக்கும், ஆனால் சூட்டை இறக்காது. ஒரு செல் அணைந்து, பத்து நிமிடம் கழித்துப் பக்கத்துச் செல் பற்றிக்கொள்ளும். அணைந்ததாக நினைத்து யாரும் கையில் எடுக்காதீர்கள். பெரிய தீயென்றால் வீரம் வேண்டாம், 101 அல்லது 112.

முதல்வர் அவர்கள் முன்வரிசையில் இருப்பதால் நேரடியாகவே கேட்டுவிடுகிறேன். விடுதியின் ஒவ்வொரு தளத்திலும், மாடிப்படியிலிருந்து தள்ளி, சன்னல் ஓரமாக ஒரு சிமெண்ட் மேடை கட்டிக் கொடுங்கள். தனி ஒயரிங் இழுத்து, ட்ரிப்பாகும் சுவிட்சோடு பத்துப் பன்னிரண்டு பிளக் வையுங்கள். திருட்டுப் பயம் இருந்தால் கம்பி வலைக் கதவு போட்டு அவரவர் பூட்டு மாட்டிக்கொள்ளட்டும், உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். கீழே முற்றத்தில் ஒரு மண் தொட்டி. அங்கே உப்பிய பேட்டரியைக் கொண்டுவந்து வைப்பவரிடம் யாருடையது, எப்போது வாங்கியது என்று எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது. பறிமுதல் செய்த கைப்பேசிகளை அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பீரோவில் வைக்காதீர்கள்.

இந்தச் சொற்பொழிவுக்காக அறக்கட்டளை எனக்குத் தரவிருக்கும் உறையை நான் வாங்கப்போவதில்லை. மேடை ஏறுமுன் பொருளாளரிடம் சொல்லிவிட்டேன். ஒரு தளத்து மேடைக்குச் சிமெண்டும் செங்கலும் வாங்க அது போதும் என்றார். மற்ற தளங்களுக்குப் பழைய மாணவர்களைத்தான் கேட்க வேண்டும். அவர்கள் இரண்டாம் வரிசையில் இருக்கிறார்கள்.